தேர்வில் தோற்றார், உலகை வென்றார்! கெட்டிக்காரப் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு ஒரு துறைமுகக் கதை

எர்ணாவூரில் பொழுது விடிகிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பையுடன் விரைகிறார்கள். குழாயடியில் பெண்கள் கூடுகிறார்கள்.

அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"என் புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னே தெரியலைக்கா. ஒரு பழைய பேனைப் பிரிச்சுப் போட்டுக்கினு நாள் முழுக்க உக்காந்திருக்கான். மத்த பசங்களோட சேர மாட்டேங்குறான். பரீட்சையில பாத்தா ரெண்டு பாடத்துல பெயில்!"

"விடும்மா. படிப்பு ஏறலைன்னா ஏதாவது ஒரு கம்பெனியில சேத்து விட்டுடு."

அவ்வளவுதான். குடத்தில் தண்ணீர் நிறைவதற்குள் ஒரு பையனின் எதிர்காலம் முடிவாகி விட்டது!

அந்தப் பையன் உண்மையிலேயே படிப்பு வராதவன்தானா? அல்லது மற்றவர்களுக்கு எட்டாத எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறானா? இதை யார் கண்டுபிடிப்பது? எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. விம்கோ நகரில் ரெயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் போதும். எதிரே தெரிவது சென்னைத் துறைமுகம். அந்தத் துறைமுகத்தின் ஆபீசில்தான், பரீட்சையில் தோற்றுப்போன ஒரு வாலிபர் 1912-ம் ஆண்டு மார்ச் 1-ந்தேதி குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

அவர் பெயர் சீனிவாச ராமானுஜம்.

ஆம்! உலகம் போற்றும் கணித மேதை ராமானுஜம்தான்!

பெயில்! பெயில்!

ராமானுஜம் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். ஏழைக் குடும்பம்.

பள்ளிக்கூடத்தில் அவர் நல்ல மாணவர்தான். பரிசுகள் வாங்கினார். ஆனால், மற்ற பையன்களைப் போல விளையாடப் போவதில்லை. கையில் எப்போதும் சிலேட்டுப் பலகை இருக்கும்.

15, 16 வயதில் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. ஜார்ஜ் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணக்குப் புத்தகம் அது. அதில் ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் இருந்தன. விளக்கமோ மிகக் குறைவு. வேறு பையனாக இருந்தால் மூடி வைத்திருப்பான். ராமானுஜம் ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே போட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

அன்று பிடித்த பித்து, கடைசிவரை விடவில்லை!

1904-ம் ஆண்டு கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆனால், கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ம் ஆண்டு யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். பெற்றவர்கள் தவித்துப் போனார்கள்.

பிறகு 1906-ம் ஆண்டு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார. அங்கே உடற்கூறு பற்றிய பாடம் அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது. பரீட்சை எழுதினார். பெயில்! 1907-ம் ஆண்டு மறுபடியும் எழுதினார். மறுபடியும் பெயில்!

பட்டம் இல்லை. வேலை இல்லை. கையில் காசு இல்லை. 1909-ம் ஆண்டு கல்யாணமும் ஆகிவிட்டது. ஊராரின் கணக்கில் அவர் உருப்படாத பிள்ளை.

ஆனால், அவருடைய நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிறைந்துகொண்டே போயின.

குனிந்து பார்த்தவர்கள்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று நாம் சொல்கிறோம். தெரியும் என்பது உண்மைதான். யாருக்குத் தெரியும்? குனிந்து பார்க்கிறவருக்குத்தானே தெரியும்!

அப்படிக் குனிந்து பார்த்தவர்கள் சிலர் ராமானுஜத்துக்குக் கிடைத்தார்கள்.

திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ம் ஆண்டு தொடங்கியவர் அவரே. ராமானுஜம் 1910-ம் ஆண்டு அவரிடம் போய், ஒரு சின்ன வேலை கொடுங்கள் என்று கேட்டார். ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இப்படிப்பட்டவரை ஒரு தாலுகா ஆபீசில் உட்கார வைப்பதா?" என்று அவருக்குத் தோன்றியது. சென்னையில் உள்ள கணக்கு அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ஆனால், வேலை செய்யாமல் பணம் வாங்க ராமானுஜத்தின் மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் துறைமுக வேலைக்கு மனுப் போட்டார்.

அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் எஸ்.நாராயண ஐயர். அவரும் கணிதம் படித்தவர். தனக்குக் கீழே வேலை செய்யும் குமாஸ்தா, கிடைத்த காகிதத்தில் எல்லாம் கணக்குப் போடுவதைக் கண்டார். "ஆபீஸ் நேரத்தில் இது என்ன?" என்று எரிந்து விழவில்லை. மாலையில் அந்தக் குமாஸ்தாவுடன் உட்கார்ந்து தானும் சேர்ந்து கணக்குப் போட்டார்! துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவரிடமும் ராமானுஜத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார்.

1913-ம் ஆண்டு ஜனவரி 16-ந்தேதி, ராமானுஜம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தான் துறைமுக ஆபீசில் ஒரு குமாஸ்தா என்று அறிமுகம் செய்துகொண்டு, தாள் தாளாகச் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். அதற்கு முன்பு வேறு பேராசிரியர்களும் அவருடைய கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். பயன் இல்லை. ஹார்டி ஒதுக்கித் தள்ளவில்லை. உட்கார்ந்து படித்தார். திகைத்துப் போனார்!

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் தர முன்வந்தது. விதிப்படி பார்த்தால், பட்டம் இல்லாத ராமானுஜத்துக்கு அது கிடைக்காது. ஆனாலும் கொடுத்தார்கள். 1913-ம் ஆண்டு மே 1-ந்தேதியில் இருந்து கிடைத்தது.

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி, அதே சென்னைத் துறைமுகத்தில் ராமானுஜம் கப்பல் ஏறினார். 1918-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30!

புளியங்கொட்டைக் கணக்கு

அப்படி என்ன பெரிய கணக்குப் போட்டார் அவர்? ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம். நான்கு புளியங்கொட்டை இருந்தால் போதும்.

4 கொட்டைகளை எத்தனை விதமாகப் பிரித்து வைக்கலாம்? நான்கையும் ஒன்றாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக வைக்கலாம். இரண்டு, ஒன்று, ஒன்று என வைக்கலாம். ஒவ்வொன்றாகவும் வைக்கலாம். ஆக மொத்தம் 5 வழிகள்.

10 கொட்டைகள் இருந்தால்? 42 வழிகள்.

100 கொட்டைகள் இருந்தால்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வழிகள்!

ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க ஓர் ஆயுள் போதாது. எண்ணாமலே இந்தத் தொகையைக் கண்டுபிடிக்க ராமானுஜமும் ஹார்டியும் சேர்ந்து ஒரு சூத்திரம் தந்தார்கள்.

இன்னொரு விந்தையும் உண்டு. 4 கொட்டைகளுக்கு 5 வழிகள். 9-க்கு 30 வழிகள். 14-க்கு 135 வழிகள். 19-க்கு 490 வழிகள். எல்லாமே 5-ஆல் மீதியின்றி வகுபடுகின்றன! 4-லோ 9-லோ முடியும் எந்த எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்பதை ராமானுஜம் நிரூபித்தார்.

வீட்டில் ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்து கொட்டைகளை இப்படி அடுக்கிக்கொண்டிருந்தால், பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? "வேலை இல்லையா?" என்றுதானே சொல்வார்கள்!

எல்லாம் இனிப்பாக முடிந்ததா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேம்பிரிட்ஜில் ராமானுஜம் தனிமையில் வாடினார். குளிர் தாங்கவில்லை. சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். தானே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிப் பல நாள் நேரத்துக்குச் சாப்பிடவும் இல்லை. முதல் உலகப்போர் நடந்த காலம் வேறு. 1917-ம் ஆண்டில் நோயில் விழுந்தார். 1919-ம் ஆண்டு ஊர் திரும்பினார். 1920-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந்தேதி சென்னை சேத்துப்பட்டில் கண்ணை மூடினார். வயது 32.

அறிவு மட்டும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிடாது. வேளாவேளைக்குச் சோறு வேண்டும். தூக்கம் வேண்டும். மனம் விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும்.

அவசரப்பட்ட தந்தை

ராமானுஜத்தைப் பரீட்சை தள்ளிவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில், ஒரு சிறுவனைப் பெற்றோர் முன்னே முன்னே பிடித்துத் தள்ளினார்கள். அந்தக் கதையையும் பெற்றவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் 1898-ம் ஆண்டு பிறந்தவன். தந்தை பெரிய மனநூல் அறிஞர். "என் மகனை எப்படி வளர்க்கிறேன் பாருங்கள்" என்று உலகுக்குக் காட்ட நினைத்தார். 1909-ம் ஆண்டு, 11 வயதில், அந்தச் சிறுவன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பேராசிரியர்கள் முன்னிலையில் கணிதச் சொற்பொழிவு ஆற்றினான். பத்திரிகைகள் அவனைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடின.

பிறகு?

வளர்ந்ததும் அவர் புகழைக் கண்டாலே ஓடினார். சாதாரணக் கணக்கு வேலைகளில் காலம் தள்ளினார். தன்னைத் தனியாக விட்டால் போதும் என்றார். பத்திரிகைகள் அப்போதும் விடவில்லை. "அந்த அதிசயச் சிறுவன் இன்று எங்கே?" என்று தேடிப்போய் எழுதின. மனம் நொந்து வழக்குப் போட்டார். 1944-ம் ஆண்டு, 46 வயதில் இறந்து போனார்.

தந்தையை மட்டும் குறை சொல்ல முடியாது. வேடிக்கை பார்த்த ஊருக்கும் அதில் பங்கு உண்டு. உறவினர் வீட்டுக்கு வந்தால், "ஆயா வந்திருக்காங்க, 20-ம் வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்று பிள்ளையை நிற்க வைக்கிறோமே, அதுவும் அந்த வேடிக்கையில் சேர்ந்ததுதான்!

அளவுகோல் தவறியது

"கெட்டிக்காரனா, இல்லையா என்று ஒரு பரீட்சை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே?" என்று சிலர் கேட்கலாம்.

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் என்ற பேராசிரியர், 1921-ம் ஆண்டு அறிவுக்கூர்மைத் தேர்வு வைத்துச் சிறுவர் சிறுமியரைப் பொறுக்கி எடுத்தார். சுமார் 1,500 பேர். அவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பலர் நல்ல நிலைக்கு வந்தார்கள். ஆனால், நோபல் பரிசு வாங்கிய ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? தேர்வு எழுதியும் மதிப்பெண் போதாது என்று ஒதுக்கப்பட்டவர்களில் இருவர், பின்னால் நோபல் பரிசு பெற்றார்கள்! ஒருவர் வில்லியம் ஷாக்லி. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர். 1956-ம் ஆண்டு பரிசு பெற்றார். மற்றவர் லூயிஸ் ஆல்வாரெஸ். 1968-ம் ஆண்டு பரிசு பெற்றார்.

தராசில் அரிசியை நிறுக்கலாம். துணியை நிறுத்துப் பார்த்து அதன் நீளத்தைச் சொல்ல முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இது பழங்கதை அல்ல. இன்றும் நாட்டில் நடக்கும் வாதம்தான்.

2010-ம் ஆண்டு அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், 8-ம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் பெயிலாக்கி அதே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்றது. 2019-ம் ஆண்டு அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. 2024-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு புதிய விதி கொண்டு வந்தது. 5-ம் வகுப்பிலும் 8-ம் வகுப்பிலும் தோற்றவர்களுக்கு இரண்டு மாதத்தில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் அதே வகுப்பில் நிறுத்தலாம். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு இந்த விதி. தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை தேர்ச்சி என்ற பழைய முறையே தொடரும் என்று மாநில அரசு அப்போது அறிவித்தது.

"பெயிலாக்கினால்தான் படிப்பார்கள்" என்பது ஒரு கட்சி. "பெயிலாக்கினால் படிப்பையே விட்டுவிடுவார்கள்" என்பது மறு கட்சி.

இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளையை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனால், அது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது. அதே சமயம், ஷிப்டு வேலையை நம்பி வாழும் குடும்பத்தில் "பெயில்" என்ற ஒரு சொல்லுக்கு என்ன விலை என்பது எர்ணாவூருக்குத் தெரியும். ஓர் ஆண்டு வீண் என்றால், ஓர் ஆண்டுச் சம்பளம் வீண். "போதும் படிப்பு" என்று முடிந்துவிடும்.

ஆகவே, பாஸா பெயிலா என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. ஏன் தோற்றான்? புரியாமல் தோற்றானா? பசியால் தோற்றானா? கண் சரியாகத் தெரியவில்லையா? அல்லது மனம் வேறு ஒன்றில் முழுதாக முழுகிவிட்டதா? இதைக் கேட்க ஒரு பெரியவர் இல்லாவிட்டால், எந்தச் சட்டம் வந்தும் பயன் இல்லை.

வடசென்னையிலேயே பாருங்கள்

அப்படிக் கேட்ட பெரியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பி.கே.சீனிவாசன். கணக்கை அடித்துச் சொல்லிக் கொடுக்காமல், விளையாட்டாகக் காட்டியவர். ராமானுஜத்தைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் திரட்டி, 1968-ம் ஆண்டு நூலாக வெளியிட்டார். 1993-ம் ஆண்டு ராயபுரத்தில் ராமானுஜத்துக்கு ஒரு கணித அருங்காட்சியகம் உருவாக அவர் முயற்சியே காரணம். 2005-ம் ஆண்டு மறைந்தார்.

புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, 2024-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலக கேரம் போட்டியில் 3 தங்கப் பதக்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தந்தை ஆட்டோ ஓட்டுகிறவர். "பெண் பிள்ளைக்குக் கேரம் எதற்கு?" என்று அவர் பலகையை எடுத்து மூலையில் வைத்திருந்தால், அந்தப் பதக்கங்கள் வந்திருக்குமா?

பெற்றவர்கள் என்ன செய்யலாம்?

முதலில், பாருங்கள். உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்பச் செய்வது என்ன? பிரிப்பதா, வரைவதா, எண்ணுவதா, கேள்வி கேட்பதா? பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். "இது என்ன நைனா, எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. நாராயண ஐயர் செய்தது அதுதான்.

இரண்டாவது, ஆசிரியரைப் பாருங்கள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். "இவன் வீட்டில் இப்படிச் செய்கிறான் சார்" என்று சொல்லுங்கள். 40 பிள்ளைகளுக்கு நடுவில் ஆசிரியர் கண்ணில் படாதது, உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது, பிடித்ததைக் காட்டிப் பிடிக்காததை விட்டுவிடச் சொல்லாதீர்கள். ராமானுஜம் தோற்றார் என்பதற்காகத் தோல்வி பெருமை ஆகிவிடாது. ஆங்கிலத்தில் தேறியிருந்தால், அவருக்குச் சில கஷ்டமான ஆண்டுகள் மிச்சமாகி இருக்கும். "பேனைப் பிரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், தமிழும் ஆங்கிலமும் ஒரு மணி நேரம் படி" என்று சொல்லலாம்.

நான்காவது, பணம் இல்லை என்று நின்றுவிடாதீர்கள். அரசு பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் 8-ம் வகுப்பு படிப்பவர்களுக்குத் தேசிய வருவாய்வழி உபகாரச் சம்பளத் தேர்வு நடக்கிறது. தேறினால் 9-ம் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தலைமை ஆசிரியரைக் கேட்டால் விவரம் சொல்வார்.

ஐந்தாவது, துணை தேடுங்கள். நூலகம், அறிவியல் மன்றம், செஸ் பழகும் இடம், எதுவானாலும் சரி. தன்னைப் போல இன்னொரு பிள்ளையைக் கண்டுவிட்டால், ஒட்டாத பிள்ளையும் ஒட்டிக்கொள்வான். ராமானுஜத்துக்கு அது கிடைக்க 20 வயதுக்கு மேல் ஆயிற்று.

ஒரு நாற்காலி

துறைமுக ஆபீசில் ராமானுஜம் இருந்தது 14 மாதம்தான். அங்கே யாரும் அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாற்காலி கொடுத்தார்கள். மாதச் சம்பளம் கொடுத்தார்கள். எழுதுவதைத் தடுக்காமல் இருந்தார்கள். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

இவ்வளவுதான். இதற்குப் பெரிய செலவு இல்லை.

எர்ணாவூர்ப் பையன் பழைய பேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இன்னும் தரையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் மேதை ஆவானா, மெக்கானிக் ஆவானா என்பது இன்று யாருக்கும் தெரியாது. இரண்டுமே நல்ல வாழ்க்கைதான்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள் அம்மா!